ஃபுல்பிரைட் உதவித்தொகை

ஐக்கிய அமெரிக்க அரசு பிற நாடுகளோடு சேர்ந்து நடத்தும் கல்விப் பரிமாற்றத் திட்டம். மாணவர், ஆசிரியர், ஆய்வறிஞர் ஆகியோர் இதன்வழி அமெரிக்காவுக்குச் செல்கிறார்கள். அமெரிக்கர்களும் பிற நாடுகளுக்கு வருகிறார்கள்.

ரோட்ஸ் உதவித்தொகையில் ஆக்ஸ்ஃபோர்டில் படித்தவரான ஆர்கன்சா மாநில செனட்டர் ஜே. வில்லியம் ஃபுல்பிரைட், 1945இல் இதற்கான மசோதாவைக் கொண்டுவந்தார். அடுத்த ஆண்டு ஆகஸ்ட் 1 அன்று அதிபர் ட்ரூமன் கையெழுத்திட அது சட்டமாயிற்று. இரண்டாம் உலகப் போருக்குப் பின் வெளிநாடுகளில் மிஞ்சிக் கிடந்த அமெரிக்கப் போர்த் தளவாடங்களை விற்ற பணமே இதன் முதல் முதலீடு. போரின் மிச்சத்தைப் படிப்புக்குத் திருப்பிய இந்த ஏற்பாடு, அந்த நூற்றாண்டின் மேன்மையான அரசுமுடிவுகளில் ஒன்று.

இந்தியாவுடனான ஒப்பந்தம் 1950 பிப்ரவரி 2 அன்று கையெழுத்தானது. 2008இல் இந்தியா செலவைச் சமமாகப் பகிர முன்வந்ததும் ஃபுல்பிரைட்-நேரு என்ற பெயர் வந்தது. இலங்கை 1952இல் இணைந்தது.

தமிழுக்கு இதனால் விளைந்த நன்மை பெரிது. 1959இல் இந்த உதவியுடன் இண்டியானா பல்கலைக்கழகத்துக்குச் சென்ற ஏ. கே. ராமானுஜன் அங்கு மொழியியலில் முனைவர் பட்டம் பெற்றார். 1967இல் குறுந்தொகைப் பாடல்களை ஆங்கிலத்தில் நூலாக்கினார். சங்கக் கவிதையை உலக வாசகர் பலர் முதலில் அறிந்தது அந்த நூலால்தான்.

இத்திட்டத்தில் அமெரிக்கா சென்றவர்கள், படிப்பு முடிந்தபின், பொதுவாக இரண்டாண்டுகள் தாய்நாட்டில் இருந்தாக வேண்டும்; அதன் பிறகே அமெரிக்காவில் நிரந்தரமாகக் குடியேற விண்ணப்பிக்கலாம்.