பசுமைக்குடில் தாள் சீக்கிரம் கிழிகிறதா? கந்தகத் தெளிப்பைக் கவனியுங்கள்!

பசுமைக்குடிலுக்குப் பாலித்தீன் தாள் வாங்கும்போது பலரும் 200 மைக்ரான் தடிமன் இருக்கிறதா என்று மட்டுமே பார்க்கிறார்கள். ஆனால், ஒரே தடிமன் கொண்ட இரண்டு தாள்களில் ஒன்று சில ஆண்டுகள் உழைக்கும். மற்றொன்று சில மாதங்களிலேயே நொறுங்கும். இதற்குக் காரணம், பாலித்தீன் குருணையை உருக்கித் தாளாக்கும்போது கலக்கப்படும் சேர்மானங்கள்.

வெயில் தாங்கும் சேர்மானம்

சூரிய ஒளியில் உள்ள புற ஊதாக் கதிர்கள் பாலித்தீனைச் சிதைக்கும். இதைத் தடுக்கக் கலக்கப்படும் சேர்மானங்களில் முக்கியமானது 'ஹால்ஸ்'. இது காரத்தன்மை கொண்டது. கந்தகம், குளோரின் கலந்த மருந்துகள் தாளில் படிந்து, அமிலமாக மாறினால் இதன் சக்தி குறைந்துவிடும். பிறகு, தாள் வெயிலைத் தாங்காது. ரோஜா, வெள்ளரியில் சாம்பல் நோய்க்கு அடிக்கடி கந்தகம் தெளிக்கும் குடில்களில் இந்த ஆபத்து அதிகம்.

சொட்டுத் தடுப்புச் சேர்மானம்

அதிகாலையில் தாளின் உட்புறம் படியும் நீர், செடி மேல் சொட்டினால் பூஞ்சண நோய்கள் பரவும். இந்தச் சேர்மானம் இருந்தால், நீர் மெல்லிய படலமாகப் பரவி ஓரமாக வழிந்துவிடும். சில தாள்களில் ஒரு பக்கம் மட்டுமே இது இருக்கும். அந்தப் பக்கம் உள்நோக்கி இருக்கும்படி தாளைப் போட வேண்டும்.

கவனிக்க வேண்டியவை

* கந்தகத்தைப் புகைக்க வேண்டாம். தெளிக்கும்போது மருந்து தாளில் படாமல் பார்த்துக்கொண்டு, பிறகு பக்கத் திரைகளைத் திறந்து காற்றோட்டம் கொடுங்கள்.

* சாம்பல் நோய்க்குக் கந்தகம், குளோரின் இல்லாத மாற்று மருந்துகளைத் தோட்டக்கலை அலுவலரிடம் கேட்டுப் பயன்படுத்துங்கள்.

* வெயிலில் சூடேறும் இரும்புக் குழாய் தொடும் இடத்தில்தான் தாள் முதலில் கிழியும். தாள் போடும் முன்பே குழாயின் மேற்பகுதியில் நீரில் கரையும் வெள்ளை பெயின்ட் அடித்து, நன்கு காயவிடுங்கள்.

* உத்தரவாதச் சீட்டில் கந்தகம், குளோரினுக்கு வரம்பு இருக்கிறதா என்று வாங்கும் முன்பே படித்துப் பாருங்கள். வரம்பைத் தாண்டினால் இழப்பீடு கிடைக்காமல் போகலாம்.

* ரசீதையும், தாளின் ஒரு துண்டையும் வெயில் படாமல் பத்திரப்படுத்துங்கள். தெளித்த மருந்து, தேதி ஆகியவற்றைக் குறித்து வையுங்கள். தாள் முன்கூட்டியே கிழிந்தால், குறை தயாரிப்பிலா, பராமரிப்பிலா என்று கண்டறிய இவை உதவும்.