சோலைவரியும் சொல்லுரிமையும்

ஆண்டு பிறந்ததும் உள்ளூராட்சி மன்றத்தின் அறிவித்தல் வீடு தேடி வருகிறது. நாமும் முணுமுணுத்தவாறே சோலைவரியைக் கட்டிப் பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துகிறோம். வரி கொடுப்பவனுக்கு அதன் செலவிற் பங்குகேட்கும் உரிமை உண்டு என்பது இன்று சாதாரண உண்மையாகத் தோன்றலாம். ஆனால் இந்நாட்டில் அவ்வுரிமை எவராலும் தானமாக வழங்கப்படவில்லை.

1847-இல் தொறிங்டன் பிரபு இலங்கையின் தேசாதிபதியாக வந்தபோது கோப்பியின் விலை சரிந்திருந்தது, திறைசேரி வறண்டிருந்தது. அடுத்த ஆண்டு புதிய வரிகள் மக்கள்மீது சுமத்தப்பட்டன. துப்பாக்கிக்கு அரைக் கிறவுண், நாய்க்கு ஒரு சிலிங், கடைக்கு ஒரு பவுண் எனக் கட்டணங்கள் விதிக்கப்பட்டன. இவற்றுக்கெல்லாம் மேலாக வந்தது வீதிச் சட்டம். வயதுவந்த ஆண்மகன் ஒவ்வொருவனும் ஆண்டுக்கு ஆறு நாள் வீதிவேலை செய்யவேண்டும். இயலாதவன் மூன்று சிலிங் கட்டவேண்டும். தோட்டத் துரைக்கும் மூன்று சிலிங். துண்டு வயலை நம்பிய கண்டிக் குடியானவனுக்கும் மூன்று சிலிங். வீதியோ துரையின் கோப்பி மூட்டைகளைத் துறைமுகத்துக்குக் கொண்டுசெல்வதற்கே பெரிதும் பயன்பட்டது.

1848 ஜூலையிற் கண்டிக் கச்சேரியின் முன் ஆயிரக்கணக்கானோர் திரண்டு முறையிட்டனர். மக்களுக்குப் பிரதிநிதித்துவம் இல்லாதபோது வரி விதிப்பது நியாயமன்று எனக் கொழும்பிற் பத்திரிகையாசிரியர் எலியட் எழுதினார். முறையீடு கிளர்ச்சியாகியது, மாத்தளையிலும் குருநாகலிலும் மக்கள் எழுந்தனர். அரசாங்கம் இராணுவச் சட்டத்தைப் பிரகடனப்படுத்தியது. ஆகஸ்ட் 8-இல் புரன் அப்பு கண்டியிற் சுட்டுக் கொல்லப்பட்டான். இவ்வடக்குமுறை பிரித்தானியப் பாராளுமன்றத்தின் விசாரணைக்குள்ளாகியது. 1850-இல் தொறிங்டன் பதவியை இழந்தார். துப்பாக்கி வரியும் நாய் வரியும் கடை வரியும் கைவிடப்பட்டன. வீதிச் சட்டம் மட்டும் நிலைத்தது. உழைப்பவனின் உடலிலிருந்து அறவிடும் வரியை ஆளும் வர்க்கம் இலகுவிற் கைவிடுவதில்லை.

1865-இன் சட்டம் மாநகர சபைகளைத் தோற்றுவித்தது. வீட்டுக்கும் காணிக்கும் இறை விதிக்கும் அதிகாரம் அவற்றுக்குக் கிடைத்தது. ஆயின் உறுப்பினரைத் தெரியும் வாக்கு, சொத்தும் வருமானமும் உள்ளோர்க்கே உரியதாயிற்று. வாடகை வீட்டிற் குடியிருந்த தொழிலாளி, வீட்டுக்காரனின் வரிச்சுமையைத் தன் வாடகையிற் சேர்த்துச் சுமந்தான். வாக்காளர் இடாப்பில் அவன் பெயர் இல்லை.

1931-இற் சர்வசன வாக்குரிமை வந்த பின்னரும் இக்குறை முற்றாக நீங்கவில்லை. 1937-இன் கிராமச் சங்கச் சட்டத் திருத்தம் இந்தியத் தோட்டத் தொழிலாளரை உள்ளூர் வாக்குரிமைக்குப் புறம்பாக்கியது. 1948-இன் பிரசாவுரிமைச் சட்டம் அவர்களிற் பெரும்பாலோரை நாடற்றோராக்கியது. நெடுங்காலப் போராட்டத்தின் பின் பிரசாவுரிமை மீண்டது, வாக்கும் மீண்டது. ஆனால் 1987-இன் பிரதேச சபைச் சட்டத்தின் 33-ஆம் பிரிவு, தோட்டக் குடியிருப்புகளிற் சபை தன் நிதியைச் செலவிடுவதற்குத் தடையாக நின்றது. பயிர்நிலத்துக்கு ஏக்கர் வரி விதிக்கச் சபைக்கு அதிகாரம் உண்டு. அந்நிலத்தைப் பொன்னாக்கியவரின் லயத்துக்குப் பாதை அமைக்க வழியில்லை! 2018-இலேயே அப்பிரிவு திருத்தப்பட்டது. வாக்களித்தும் பணி பெறாத முப்பது ஆண்டுகள் அவை.

1848-இற் கண்டிக் குடியானவன் தோட்டத்துக்காக வீதி வெட்டினான். அவ்வீதி சென்றடைந்த தோட்டத்தின் தொழிலாளியோ தன் லயத்துக்கு ஒரு பாதை கேட்டுத் தலைமுறைகள் காத்திருந்தான். மொழியால் வேறுபட்ட இவ்விருவரையும் வஞ்சித்த ஏற்பாடு ஒன்றே. ஆகவே வரி எவ்வளவு என்று கேட்பதோடு நாம் நின்றுவிடலாகாது. எவரிடமிருந்து எடுக்கப்படுகிறது, எவர் வாசலிற் செலவாகிறது, அதைத் தீர்மானிக்கும் இடத்தில் உழைப்பவனுக்கு ஆசனம் உண்டா என்பனவே கேள்விகள். அடுத்த முறை பற்றுச்சீட்டை மடித்து வைக்குமுன் அவற்றைக் கேட்போம்.