காப்பாற்றப் போனவரின் கண்ணீர்

அரியலூர்ச் சீமை என்றதும் சரித்திரப் பிரியர்களுக்குக் கங்கைகொண்ட சோழபுரம் நினைவுக்கு வரும். அதைத் தலைநகராகக் கொண்டு ஆண்ட வீரராசேந்திர சோழன் காலத்தில், 11-ஆம் நூற்றாண்டில், காஞ்சிபுரத்தை அடுத்த திருமுக்கூடலில் ஓர் ஆதுலர் சாலை நடந்தது. ஆதுலர் என்றால் நோயாளிகள். 15 படுக்கைகள், மருத்துவர் ஒருவர், அறுவைச் சிகிச்சை செய்பவர் ஒருவர், மருந்து காய்ச்சும் பெண்கள் இருவர். இன்னாருக்கு இவ்வளவு நெல் என்று கல்வெட்டு கணக்காகச் சொல்லுகிறது. ஆனால், ஓர் உயிர் கைநழுவிப் போன இரவில் அந்தப் பெண்கள் உறங்கினார்களா என்று அது சொல்லவில்லை. கூலியை எழுதி வைக்கிற சரித்திரம், மனத்தை எழுதி வைப்பதில்லை.

நோயால் வரும் சாவாவது விதி என்று ஆறலாம். நோயாளி தாமே உயிரை முடித்துக்கொண்டால், காப்பாற்றப் போனவர் எதைச் சொல்லி ஆறுவது?

வெள்ளைக்காரர் 1860-இல் இயற்றிய தண்டனைச் சட்டம் இதற்கு ஒரு விசித்திரமான விடை வைத்திருந்தது. அதன் 309-ஆம் பிரிவுப்படி தற்கொலைக்கு முயன்று பிழைத்தவர் குற்றவாளி. ஓராண்டு வரை சிறை. ஆகவே, நாடி பிடித்த கையே போலீசுக்குத் தகவலும் எழுத வேண்டியதாயிற்று. இரக்கத்துக்கு நேரம் ஏது? 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டம்தான், அப்படி முயன்றவர் கடும் மன நெருக்கடியில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும், அவரைப் பேணுவது அரசின் கடமை என்று கூறிற்று. 2024 ஜூலை முதல் தேதி நடைமுறைக்கு வந்த நியாய சங்கிதையில் 309-ஆம் பிரிவே இடம் பெறவில்லை. துன்பப்பட்டவர் குற்றவாளிக் கூண்டிலிருந்து இறங்க ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் ஆகியிருக்கிறது.

அவரைத் தூக்கி வந்தவரின் கதை என்ன? பெரம்பலூருக்கு வருவோம். பருத்தியும் சோளமும் விளையும் மானாவாரிப் பூமி. திருச்சி ஜில்லாவிலிருந்து 1995-இல் தனி மாவட்டமாயிற்று. அரியலூர் 2007-இல் நிலையாகப் பிரிந்தது. 2008 செப்டம்பரில் தமிழ்நாட்டுக்கு 108 ஆம்புலன்ஸ் வந்தது. 2022-இல் அரியலூரில் அரசு மருத்துவக் கல்லூரியும் திறந்தாயிற்று. உதவி விரைவாக வருகிறது, நல்லதுதான். ஆனால் வண்டிக்குள் இருப்பவர்கள் இரண்டே பேர்: ஓட்டுகிறவர் ஒருவர், உதவியாளர் ஒருவர்.

தாயின் அலறல், அண்ணன் கேட்கும் "பிழைச்சுக்குவானா சார்?", பாதி வழியில் நின்றுபோகும் மூச்சு இவற்றையெல்லாம் சுமந்தபடி அவர்கள் ஆஸ்பத்திரி வாசலில் இறங்குகிறார்கள். 'ஐந்து நிமிஷம் முன்னால் போயிருந்தால்?' என்ற கேள்வியும் கூடவே இறங்குகிறது. இறந்தது சொந்த மகள் வயதுப் பெண் என்றால், வீட்டுக்குப் போனதும் மகள் முகத்தைப் பார்க்கவே பயமாயிருக்கும். வாய்விட்டு அழலாமென்றால் அடுத்த அழைப்பு வந்துவிடுகிறது. 'பழகிப் போயிருக்கும்' என்கிறோம் நாம். பழகுவது கைதான், மனம் அல்ல.

இந்தத் துயரத்துக்கு மருந்து தேடியவர்களும் உண்டு. தீயணைப்பு வீரராகவும் ஆம்புலன்ஸ் ஊழியராகவும் இருந்த ஜெஃப்ரி மிச்செல் என்ற அமெரிக்கர், கோர நிகழ்ச்சிக்குப் பின் ஊழியர்களைக் கூட்டி உட்காரவைத்து மனம் திறந்து பேசச் செய்யும் முறையொன்றை 1983-இல் வகுத்தார். உலகெங்கும் பரவிற்று. பின்னால் ஆராய்ந்தவர்கள், ஒரே அமர்வில் வற்புறுத்திப் பேசவைப்பதால் பயன் காணோம், சிலருக்குத் தீங்கும் நேரலாம் என்றார்கள். உலக சுகாதார நிறுவனம் 2011-இல் வெளியிட்ட மன முதலுதவிக் கையேடு எளிய வழியைச் சொல்லிற்று: பக்கத்தில் இரு, கேள், வற்புறுத்தாதே, தேவையானால் தக்கவரிடம் சேர்.

இதற்குப் பெரிய பொக்கிஷம் வேண்டியதில்லை. அத்தகைய ஒரு சாவுக்குப் பின் அரைமணி ஓய்வு, குறை சொல்லாத மேலதிகாரி, ஒரு டம்ளர் டீயோடு பக்கத்தில் உட்காரும் சகா ஆகியவை போதும், துவக்கத்துக்கு. மன நெருக்கடியில் இருப்பவர்களுக்காக 2022-இல் 14416 என்ற தொலைபேசி எண் வந்திருக்கிறது. அதை ஊருக்கெல்லாம் எழுதிக் கொடுக்கும் ஊழியர், ஒரு நாள் தாமே அதைச் சுழற்றினால் அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அவரும் ஆதுலர்தான்.