விளையாட்டு உடுப்பில் வந்தவர்கள்

2004ஆம் ஆண்டு செப்டெம்பரில் ஐரோப்பியப் பத்திரிகைகளுக்கு ஒரு சிரிப்புச் செய்தி கிடைத்தது. ஜேர்மனியின் பவேரியா மாநிலத்தில் விற்றிஸ்லிங்கன் என்றொரு சிற்றூர். அங்குள்ள கழகத்தினரோடும் அயலூர்க் கழகங்களோடும் ஆடுவதற்காக, இலங்கையின் தேசிய ஹாண்ட்போல் அணி என்ற பெயரில் 23 பேர் வந்து இறங்கினார்கள். ஹாண்ட்போல் எங்களூர்க் கரப்பந்தாட்டம் அல்ல. பக்கத்துக்கு ஏழு பேர் நின்று, பந்தைக் கையால் எறிந்து கோல் போடுகிற ஆட்டம். ஜேர்மன் கிராமங்களில் அதற்குப் பெரும் மவுசு உண்டு. வந்தவர்களோ ஆடிய ஆட்டங்களில் தோற்றார்கள். பிறகு ஒருநாள் காலை அணி முழுவதையும் காணவில்லை. உபசரிப்புக்கு நன்றி சொல்லி, பிரான்சுக்குப் போகிறோம் என்று எழுதிய கடிதம் ஒன்று கிடந்தது. அவர்கள் இத்தாலிக்குப் போயிருக்கக்கூடும் என்று பேசப்பட்டது. கொழும்பில் விசாரித்தபோது, அப்படியொரு தேசிய அணியே இலங்கையில் இல்லை என்பது தெரியவந்தது.

இந்தச் சம்பவத்தை வைத்து உபேர்ட்டோ பசோலினி என்ற இத்தாலியர் 2008இல் ஒரு திரைப்படம் எடுத்தார். அதன் பெயர் ‘மச்சான்’. சிங்களவரும் தமிழரும் ஒரே உரிமையோடு ஒருவரையொருவர் கூப்பிடுகிற சொல் அது.

அந்தச் செய்தியைப் படித்து எம்மவர்களும் சிரித்தார்கள். ஆனால் இதே தீவிலிருந்து விளையாட்டு உடுப்போடு ஐரோப்பாவுக்கு வந்த மற்ற இளைஞர்களின் கதைகளை இதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் சிரிப்பு அவ்வளவு இலகுவாக வராது.

1948 பெப்ரவரியில் இலங்கை சுதந்திரம் பெற்றது. ஜூலையில் லண்டன் ஒலிம்பிக். இலங்கை கலந்துகொண்ட முதல் ஒலிம்பிக் அது. போர் முடிந்து மூன்று ஆண்டுகள்தான். லண்டனில் உணவுப் பங்கீடு இன்னும் நீங்கவில்லை. வீரர்களை இராணுவ முகாம்களிலும் கல்லூரிகளிலும் தங்கவைத்தார்கள். 400 மீற்றர் தடைதாண்டல் ஓட்டத்தில் டங்கன் வைற் என்ற பறங்கி இன இளைஞர் 51.8 செக்கனில் ஓடி இரண்டாவதாக வந்தார். தங்கம் வென்ற அமெரிக்கர் ரோய் கொக்ரனுக்கு 51.1 செக்கன். புதிதாகப் பிறந்த ஒரு நாட்டுக்கு ஆறு மாதத்துக்குள் ஒரு வெள்ளிப் பதக்கம். அதே ஆண்டில்தான் அந்த நாட்டின் பாராளுமன்றம் குடியுரிமைச் சட்டத்தை நிறைவேற்றி, மலையகத் தமிழர்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்கள் ஆக்கியது. பதக்கம் வென்றவரைக் கொண்டாடிய நாடு, கொழுந்து பறித்தவர்களைக் கணக்கிலிருந்து நீக்கியது.

நான்கு ஆண்டுகள் கழித்து, 1952இல் ஹெல்சிங்கி. யாழ் மத்திய கல்லூரி வளர்த்த நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் உயரம் பாய்தலில் இலங்கைக்காகக் களமிறங்கினார். அவருக்கு அப்போது பதினெட்டு வயதும் நிறையவில்லை. சோவியத் ஒன்றியம் முதன்முதலாகப் பங்குபற்றியதும், எமில் சற்றொபெக் நெடுந்தூர ஓட்டங்களில் மூன்று தங்கம் வென்றதும் அந்த ஒலிம்பிக்கில்தான். உயரம் பாய்தலில் தங்கம் வென்ற வோல்ட் டேவிஸ் சிறுவயதில் போலியோவால் முடங்கியிருந்தவர். அவர் தாண்டிய உயரம் 2.04 மீற்றர். பாய்பவர் விழுவதற்கு இன்றுள்ளதுபோல் நுரைமெத்தை அந்நாளில் கிடையாது. எதிர்வீரசிங்கத்துக்கு அங்கே பதக்கம் கிடைக்கவில்லை. ஆனால் யாழ்ப்பாணத்துப் பாடசாலை மைதானத்தில் பாயப் பழகிய ஒருவர் உலகத்தின் வரிசையில் நின்றுவிட்டு வந்தார்.

1958இல் ரோக்கியோவில் நடந்த ஆசிய விளையாட்டு விழாவில் அவர் 2.03 மீற்றர் பாய்ந்து தங்கம் வென்றார். ஆறு ஆண்டுகளுக்கு முன் ஹெல்சிங்கியில் தங்கம் பெற்றுத்தந்த உயரத்துக்கு ஒரே ஒரு சென்ரிமீற்றர் குறைவு. ஆசிய விளையாட்டு விழாக்களில் இலங்கைக்குக் கிடைத்த முதல் தங்கம் அது. விழா நடந்த நாட்கள் மே 24 முதல் ஜூன் 1 வரை. இலங்கையில் மே 22ஆம் திகதி பொலன்னறுவையில் கலவரம் தொடங்கியிருந்தது. 27ஆம் திகதி அவசரகாலச் சட்டம் பிரகடனமானது. ஒரு தமிழர் அந்த நாட்டின் கொடியை ரோக்கியோவில் உயர்த்திய அதே நாட்களில், கொழும்புத் தமிழர்கள் அகதி முகாம்களுக்குள் அடைந்திருந்தார்கள். பிறகு சொந்த நாட்டின் ஒரு கரையிலிருந்து இன்னொரு கரைக்கு, காங்கேசன்துறைக்கு, கப்பலில் அனுப்பப்பட்டார்கள்.

டங்கன் வைற் பின்னாளில் நைஜீரியாவில் பணியாற்றி, இங்கிலாந்தில் குடியேறி, 1998இல் அங்கேயே இறந்தார். எதிர்வீரசிங்கம் அமெரிக்காவில் படித்து, வாழ்நாளின் பெரும்பகுதியை வெளிநாடுகளில் கழித்து, 2024இல் மறைந்தார். நாட்டுக்குப் பதக்கம் கொண்டுவந்த இருவரும் கடைசியில் நாட்டுக்கு வெளியே வாழ்ந்தவர்கள் என்பதைக் குறித்துக்கொள்வோம்.

அவர்கள் இளைஞர்களாக இருந்த காலத்தில் கதவு எப்படி இருந்தது? 1948இன் பிரித்தானியக் குடியுரிமைச் சட்டத்தின்படி இலங்கைக் குடிமகன் பொதுநலவாயத்தவன் என்ற முறையில் இங்கிலாந்துக்குப் போய் வேலை செய்யலாம், தங்கலாம். 1962இல் வந்த சட்டம் அதை இறுக்கியது. ஆயினும் விருந்தினராகப் போவதற்கு விசா தேவைப்படவில்லை. 1983 ஜூலைக்குப் பின் எமது இளைஞர்கள் கூட்டமாக வரத் தொடங்கியதும், 1985இல் பிரித்தானியா இலங்கையருக்கு விசாவைக் கட்டாயமாக்கியது. பொதுநலவாய நாடொன்றுக்கு அப்படிச் செய்தது அதுவே முதல் தடவை.

அதே ஆண்டில் இன்னொரு வழியும் அடைபட்டது. கிழக்கு பேர்லினில் விமானத்தால் இறங்கி, நகர ரயிலேறி மேற்கு பேர்லினுக்குள் வந்த பாதை இங்கு பலருக்கு நினைவிருக்கும். பேர்லின் ஒரே நகரம் என்பது மேற்கு நாடுகளின் நிலைப்பாடு. ஆகவே மதிலுக்கு இந்தப் பக்கம் கடவுச்சீட்டுப் பார்ப்பவர் இல்லை. போன் அரசின் நெருக்குதலுக்குப் பிறகு, 1985 ஜூலையில் கிழக்கு ஜேர்மனி விசா இல்லாத இலங்கையரை ஏற்றிவருவதை நிறுத்தியது.

1987 பெப்ரவரியில் ஹீத்ரோ விமான நிலையத்தில் திருப்பி அனுப்பப்படவிருந்த ஐம்பதுக்கும் மேற்பட்ட தமிழர்கள் ஓடுபாதையருகே உடுப்புகளைக் களைந்து எதிர்ப்புத் தெரிவித்தார்கள். அந்த ஆண்டே, உரிய பத்திரமில்லாத பயணி ஒருவருக்கு விமானக் கம்பனி 1000 பவுண் கட்டவேண்டும் என்ற சட்டம் வந்தது. அதன் பிறகு கொழும்பில் பயணச்சீட்டைப் பார்க்கும் பெண்ணும் குடிவரவு அதிகாரி ஆனாள். 1993இல் ஜேர்மனி தனது அரசியலமைப்பையே திருத்தி, பாதுகாப்பான மூன்றாம் நாடொன்றின் வழியாக வந்தவருக்குத் தஞ்சம் கேட்கும் உரிமையை மறுத்தது.

1995இல் ஷெங்கன் உடன்படிக்கை நடைமுறைக்கு வந்ததோடு ஐரோப்பாவின் உள்வாசல்கள் திறந்து, வெளிவாசல் இன்னும் தடித்தது. ஒரேயொரு விசா கிடைத்தால் பவேரியாவிலிருந்து இத்தாலிவரை யாரும் மறிக்கமாட்டார்கள். அந்த ஒரு விசாவைப் பெறுவதற்கு அழைப்புக் கடிதம் வேண்டும், அழைப்பதற்கு ஒரு காரணம் வேண்டும். வசதியில்லாத இளைஞனுக்கு அந்தக் காரணத்தை யார் கொடுப்பார்? 2004இன் 23 பேர் அதைத் தாங்களே தயாரித்துக்கொண்டார்கள். ஆடத் தெரியாத ஆட்டத்தை, ஆடத் தெரிந்தவர்களின் முன்னால் போய் ஆடி, தோற்று, அதன் பிறகுதான் தங்கள் உண்மையான பயணத்தைத் தொடங்கினார்கள்.

பொய் சொல்லி வந்தவர்கள் என்று அவர்களைச் சொல்லலாம். ஆனால் எண்பதுகளில் வந்த எங்களில் எத்தனை பேர் சொந்தப் பெயரில் வந்தோம்? இன்றைக்கு எங்கள் கொண்டாட்டங்களில், பின்னால் வருகிறவர்களைப் பற்றி ஒருவகை இளக்காரம் பேசப்படுகிறது. நாங்கள் உயிருக்குப் பயந்து வந்தோம், இவர்கள் காசுக்கு வருகிறார்கள் என்று. இதே வார்த்தைகளை 1985இல் லண்டன் பாராளுமன்றத்திலும் பேர்லின் பத்திரிகைகளிலும் எங்களைப் பற்றிச் சொன்னார்கள். ‘பொருளாதார அகதி’ என்ற சொல்லை எங்கள் நெற்றியிலும் ஒட்டினார்கள்.

இப்போது கோடை வந்தால் லண்டனிலும் பாரிஸிலும் சுவிஸிலும் பழைய மாணவர் சங்கங்களின் உதைபந்தாட்டப் போட்டிகள் நடக்கின்றன. 2014இல் சுவீடனின் ஒஸ்ரர்சுண்ட் நகரிலும் 2018இல் லண்டனிலும், ஃபிஃபாவில் இல்லாத மக்களினங்களுக்காக நடந்த உலகப் போட்டிகளில் தமிழீழம் என்ற பெயரில் ஓர் அணி ஆடியது. எல்லையில் அந்தப் பிள்ளைகளை யாரும் சந்தேகித்திருக்கமாட்டார்கள். அவர்களுடைய தகப்பன்மார் கடந்த வாசல்கள் வேறு. மைதான ஓரத்தில் தோடம்பழம் உரித்துக் கொடுத்துக்கொண்டு நிற்கும் தகப்பன்மார் பிள்ளைகளுக்கு அந்த வாசல்களைப் பற்றி இன்னும் சொல்லவில்லையானால், சொல்லவேண்டிய காலம் இது. அப்போது விற்றிஸ்லிங்கன் கதையையும் சேர்த்துச் சொல்லட்டும், சிரிக்காமல்.