காளஹஸ்தி கோபுரமும் கணினிக்குள் விழும் விரிசலும்



திருப்பூரில் நாங்கள் குடியிருந்த லைன் வீட்டுச் சுவரில் ஒரு விரிசல் இருந்தது. செங்கல்லை உடைக்காமல், கலவை வழியாகவே படிக்கட்டு மாதிரி ஏறியிருக்கும். கொத்தனார் அதன் குறுக்கே ஒரு கண்ணாடித் துண்டை ஒட்டிவிட்டு, "இது உடைஞ்சா சொல்லுங்க" என்றார். விரிசல் இன்னும் நகர்கிறதா என்று பார்க்கத்தான்.

இந்தக் கேள்விக்குப் பெரிய கட்டடங்களில் விடை தெரியாவிட்டால் என்ன ஆகும்? 1516-ல் கிருஷ்ணதேவராயர் எழுப்பிய காளஹஸ்தி ராஜகோபுரம் 2010 மே 26 அன்று இரவு இடிந்து விழுந்தது. விரிசல் பெரிதாவதைப் பார்த்து ஆட்களை முன்பே அப்புறப்படுத்தியதால் உயிர்கள் தப்பின. இத்தாலியின் பாவியா நகரக் கோபுரம் 1989 மார்ச் 17-ல் திடீரென விழுந்தபோது 4 பேர் இறந்தார்கள். நூற்றாண்டுகளாகத் தாங்கிய பாரமே சுவரைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளுக்குள் சிதைத்தது என்று பிறகு ஆய்வில் தெரிந்தது. 'இத்தனை வருஷம் நின்றதே' என்பது உத்தரவாதம் ஆகாது!

கணினியில் விரிசலைக் காட்டும் முயற்சி கான்கிரீட்டில்தான் தொடங்கியது. 1967-ல் அமெரிக்காவில் எங்கோ, ஸ்கோர்டெலிஸ் இருவரும் விரிசலை இரு துண்டுகளுக்கு நடுவே விழும் பிளவாகவே வரைந்தார்கள். 1968-ல் ரஷீத் அதை அந்தப் பகுதி முழுக்கப் பரவிய பலவீனமாகக் கணக்கிட்டார். விரிசல் விழத் தொடங்கிய பிறகும் கொஞ்சம் இழுவிசை மிச்சமிருக்கும் என்பதை 1976-ல் ஸ்வீடனின் ஹில்லர்போர்க் கணக்கில் சேர்த்தார்.

செங்கல் சுவருக்கு இது போதாது. அழுத்தினால் தாங்கும், இழுத்தால் விட்டுவிடும். அதிலும் முதலில் விடுவது கலவை மூட்டுதான். 1978-ல் ஆஸ்திரேலியாவின் பேஜ், செங்கல்லையும் மூட்டையும் தனித்தனியாக வைத்து மாதிரி செய்தார். 1996-ல் லூரென்சோ என்ற போர்ச்சுகீசியர் நெதர்லாந்தின் டெல்ஃப்டில் முடித்த முனைவர் ஆய்வு இதை வெகுவாக முன்னேற்றியது. கல்லுக்குக் கல் கணக்குப் போட்டால் ஒரு சுவருக்குச் சரி. முழுக் கோபுரம் என்றால் எல்லாவற்றையும் ஒரே பொருளாகப் பாவிக்க வேண்டியதுதான்.

சென்னை ஐ.ஐ.டி.யில் பாரம்பரியக் கட்டடங்களின் பாதுகாப்புக்கென்றே ஒரு தேசிய மையம் இருக்கிறது. ஆனால் பழைய சுண்ணாம்பின் வலு தெரியாமல் எந்தக் கணினியும் சரியான விடை தராது. அளந்து பார்த்துத்தான் அதற்குச் சொல்லவேண்டும்.

அந்தக் கண்ணாடித் துண்டும் ஓர் அளவுகோல்தான். அடுத்த முறை கோயிலுக்குப் போனால், கோபுரத்தைக் கும்பிட்டுவிட்டு விரிசலையும் ஒருமுறை பாருங்கள்.