சூப்பர்சா: ஒத்துப்போகாத ஏழு குரல்கள்

இந்த எபிசோட்ல ராஜாக்கள் இல்லை, போர் இல்லை. ஒரே ஒரு சத்தத்தோட வரலாறுதான். அதுக்குப் பேரு சூப்பர்சா. பேரைக் கேள்விப்படாதவங்ககூட சத்தத்தைக் கேட்டிருப்பீங்க.

செவன் லயன்ஸ், இல்லேனியம் மாதிரி ஆளுங்க பண்ற மெலோடிக் டப்ஸ்டெப் ட்ராக் ஒண்ணை எடுத்துக்கோங்க. முதல்ல ஒரு குரல், மெதுவா ஒரு பியானோ. டிரம்ஸ் ஏறிக்கிட்டே போகும். ஒரு கணம் எல்லாமே நின்னுடும். அடுத்த நொடி ஒரு பெரிய சுவரே மேல சாயற மாதிரி கார்டு வந்து விழும். இதைத்தான் ட்ராப்னு சொல்றாங்க. பகல்ல கோட் எழுதிட்டு, ராத்திரி லேப்டாப்ல மியூசிக் பண்ணக் கத்துக்கிற ஆள் நான். அந்தச் சுவரை எதை வச்சுக் கட்டினாங்கன்னு தேடப் போனப்போ கிடைச்சதுதான் இன்னைக்குச் சொல்லப் போற கதை.

ஒத்தை அலை ஏன் ஒல்லியா இருக்கு?

சிந்தசைசர்ல ரொம்ப அடிப்படையான ஓர் அலை, சா வேவ். ரம்பத்தோட பல் மாதிரி ஏறி, சட்டுனு விழும். அதை மட்டும் தனியா வாசிச்சா காதுக்குப் பக்கத்துல கொசு பறக்கற மாதிரிதான் இருக்கும். ஒவ்வொரு சுற்றும் அச்சு அசலா ஒரே மாதிரி இருக்கறதால, காதுக்கு அதுல புதுசா எதுவும் கிடைக்காது.

இப்போ 440 ஹெர்ட்ஸ்ல ஒரு சா, 442 ஹெர்ட்ஸ்ல இன்னொரு சா. ரெண்டையும் சேர்த்து வாசிச்சா நொடிக்கு 2 தடவை சத்தம் ஏறி இறங்கும். பிளஸ் ஒன் இயற்பியல்ல ‘விம்மல்’னு படிச்சோமே, அதேதான். சா வேவ்ல விஷயம் அதோட முடியலை. அதுக்குள்ள 440-ஓட மடங்குகள் எல்லாமே இருக்கு. அடுத்த ஜோடி 880-உம் 884-உம், அது நொடிக்கு 4 தடவை விம்மும். அதுக்கு மேல இருக்கறது 6 தடவை. ஒவ்வொரு அடுக்கும் தன் வேகத்துல அசையும்போது மொத்தச் சத்தமும் உயிரோட இருக்கற மாதிரி தெரியும். கோயில்ல ஐம்பது பேர் பஜனை பாடினா ஒருத்தர் சுருதி இன்னொருத்தரோட துல்லியமா சேராது. அந்தக் கனத்துக்குக் காரணமே அதுதான்.

தலைவலியா இருந்தது, தேவையா மாறிச்சு

1970-ல் வந்த மினிமூக்ல 3 ஆஸிலேட்டர்கள் இருந்தன. எல்லாம் அனலாக் சர்க்யூட். வெப்பம் மாறினா சுருதியும் நகரும். மேடையில வாசிக்கறவங்களுக்கு அது பெரிய தலைவலி. ஆனா மூணும் துளித்துளியா விலகி நிக்கறதாலதான் அதோட பேஸ் அவ்வளவு தடிமனா இருந்தது.

அந்தத் தலைவலிக்கு ஒரு தீர்வு, சுருதியை டிஜிட்டலா கட்டுப்படுத்தறது. 1982-ல் ரோலண்ட் கம்பெனி விட்ட ஜூனோ வரிசை அப்படிப்பட்டதுதான். சுருதி நகராது. ஆனா ஒரு குரலுக்கு ஒரே ஆஸிலேட்டர், அதனால சத்தம் ஒல்லி. அதுக்கு அவங்களே கோரஸ்னு ஒரு வசதியையும் உள்ள வச்சாங்க. சத்தத்தோட நகலை ரொம்பச் சின்ன தாமதத்தோட விட்டு, அந்தத் தாமதத்தை மெதுவா ஆட்டிக்கிட்டே இருப்பாங்க. நகலோட சுருதி லேசா ஏறி இறங்கும். யோசிச்சுப் பாருங்க, ஒரு பக்கம் ஆட்டத்தை நிறுத்த ஒரு சர்க்யூட், இன்னொரு பக்கம் ஆட்டத்தைத் திரும்பக் கொண்டுவர ஒரு சர்க்யூட்!

1996-ல் அதே ரோலண்ட், ஜேபி-8000ன்னு ஒரு டிஜிட்டல் சிந்தசைசரை அறிமுகப்படுத்தறாங்க. அதுல சூப்பர் சான்னு ஒரு புது அலைவடிவம். ஒரு கீயை அழுத்தினா 7 சா வேவ் ஒண்ணா வரும். நடுவுல ஒண்ணு, ரெண்டு பக்கமும் மும்மூணு. ஒரே நேரத்துல 8 நோட் வாசிக்கலாம். அப்போ மொத்தம் 56 சா. அனலாக்ல இதைச் செய்யணும்னா ஒரு அறை நிறைய சர்க்யூட் வேணும். டிரான்ஸ் ஆளுங்க இதை விடவே இல்லை. சிஸ்டம் எஃப்-ங்கிற பேர்ல ஃபெர்ரி கோர்ஸ்டன் 1999-ல் விட்ட ‘அவுட் ஆஃப் தி ப்ளூ’ கேட்டுப் பாருங்க, உடனே புரியும்.

குராய்டனும் டிரான்ஸும் சந்திச்ச இடம்

டப்ஸ்டெப் பிறந்தது வேற உலகத்துல. 2000களோட தொடக்கம், தெற்கு லண்டன்ல குராய்டன் பக்கம். பிக் ஆப்பிள் ரெக்கார்ட்ஸ்னு ஒரு கடையைச் சுத்தி ஸ்க்ரீம், பெங்கா மாதிரி சின்னப் பசங்க. வேகம் 140 பிபிஎம் பக்கம், ஆனா ஸ்நேர் மூணாவது அடியிலதான் விழும். அதனால பாதி வேகம் மாதிரி தோணும். இருட்டு, நிறைய காலியிடம், கீழ சப் பேஸ். அதுல சூப்பர்சாவுக்கு வேலையே இல்லை.

ஆனா கணக்கைப் பாருங்க. டிரான்ஸும் 140-ஐ ஒட்டித்தான் ஓடும். பாதி வேக டிரம்ஸ் போட்டா ரெண்டு ஸ்நேருக்கு நடுவுல நிறைய இடம் கிடைக்கும். அந்த இடத்துல நீளமான டிரான்ஸ் கார்டைப் படுக்க வச்சா கச்சிதமா உட்காரும். 2010களோட தொடக்கத்துல இதைச் செஞ்சவங்கள்ல செவன் லயன்ஸ் முக்கியமானவர். டிரான்ஸ் குழுவான அபவ் அண்ட் பியாண்டோட ‘யூ காட் டு கோ’ பாட்டுக்கு அவர் பண்ண ரீமிக்ஸ்தான் அவரைப் பலருக்கு அறிமுகப்படுத்தினது. அதுல ரெண்டு உலகமும் ஒரே ட்ராக்ல இருக்கும்.

பெட்டிக்குள்ள என்ன இருக்கு?

என் மாதிரி இன்ஜினியர்களுக்குப் பிடிச்ச பகுதி இனிமேதான். ஜேபி-8000-ஓட சூப்பர்சாவுக்கு வெளிய தெரியறது ரெண்டே கன்ட்ரோல்: டீட்யூன், மிக்ஸ். உள்ள ஏழும் எவ்வளவு தூரம் விலகி நிக்குது? 2010-ல் ஸ்டாக்ஹோம் கேடிஎச் பல்கலைக்கழகத்துல ஆடம் சாபோங்கிற மாணவர் இதையே இளநிலை ஆய்வா எடுத்துக்கிட்டார். சத்தத்தைப் பதிவு பண்ணி, அலைகளைப் பிரிச்சு அளந்தார்.

அவர் கண்டுபிடிச்சது சுவாரஸ்யமானது. இடைவெளிகள் சமமா இல்லை. டீட்யூனை முழுசாத் திருகினா ஓரத்துல இருக்கறது கீழ 11.0 சதவீதம், மேல 10.7 சதவீதம். அந்தக் குமிழும் சீரா ஏறாது. பாதித் தூரம் போகும்வரை கொஞ்சமாத்தான் விலகும், கடைசியிலதான் எகிறும். கேட்க இனிமையா இருக்கற சின்ன அளவுகளுக்கு நிறைய இடம் கொடுத்திருக்காங்க.

இன்னொண்ணு, ஏழு அலையும் ஒரே புள்ளியில தொடங்கறதில்லை. ஒவ்வொரு தடவை கீ அழுத்தும்போதும் எங்கயாவது தொடங்கும். இதுக்குப் பின்னாடி ஒரு கணக்கு இருக்கு. ஏழும் ஒண்ணா தொடங்கினா அந்தக் கணத்துல உயரம் 7 மடங்கு, அதாவது சுமார் 17 டெசிபல் ஏறும். ‘டக்’னு ஓர் அடி கேட்கும். சிதறித் தொடங்கினா சராசரியா 8.5 டெசிபல்தான். அதனாலதான் அந்தக் கார்டு அடிக்காம மலருது.

இந்த ஆய்வு ஏன் முக்கியம்னு நினைக்கறேன்? அது வரைக்கும் அந்தச் சத்தம் காசு கொடுத்து வாங்கற ஒரு பெட்டிக்குள்ள இருந்தது. அளந்து எழுதி வச்சதும் அது யார் வேணும்னாலும் கோட்ல எழுதக்கூடிய விஷயமா ஆயிடுச்சு. 2020-ல் மேட் டைட்டல் வெளியிட்ட வைட்டல்ல ஒரு நோட்டுக்கு 16 குரல்வரை அடுக்கலாம். அடிப்படைப் பதிப்பு இலவசம்.

‘அனலாக் இல்லாம தடிமன் வராது’, ‘இந்த ப்ரீசெட் பேக் வாங்கினாத்தான் வரும்’னு சொல்றவங்க இன்னும் இருக்காங்க. நான் அதை ஏத்துக்க மாட்டேன். செஞ்சு பார்க்க ஒரு லேப்டாப்பும் ஹெட்ஃபோனும் போதும். சா வேவ், 7 குரல், டீட்யூன் பூஜ்யம். அங்கிருந்து மெதுவா ஏத்துங்க. தடிமன் வந்து, அது சுருதி விலகலா மாறற இடத்துக்குக் கொஞ்சம் முன்னாடி நிறுத்துங்க. சாவுக்கு அடியில இருக்கற தாழ் பகுதியை ஃபில்டர்ல வெட்டிட்டு, அங்க அசையாத ஒரே ஒரு சைன் அலையை நடுவுல வைங்க. பேஸும் விம்ம ஆரம்பிச்சா சுவர் நிக்காது. கடைசியா மோனோவுல ஒரு தடவை கேளுங்க, ஏன்னா ஸ்டீரியோ அகலம் ஒத்தை ஸ்பீக்கர்ல காணாமப் போயிடும்.

எங்க நிறுத்தணும்ங்கிறதுக்கு மட்டும் எந்த ஆய்வுலயும் எண் கிடையாது. அதை உங்க காதுதான் சொல்லணும். செஞ்சு பார்த்துட்டு எனக்கு அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்!