குழந்தைகளின் ஆஸ்துமா: ஸ்டீராய்டு இன்ஹேலருக்குப் பயப்பட வேண்டுமா?

ஸ்டீராய்டு என்றதும் பயந்து, இளைப்பு நின்ற மறுநாளே பிள்ளையின் இன்ஹேலரை எடுத்து வைத்துவிடுகிறோம். ஆஸ்துமா கட்டுக்கு மீறினால் அதே ஸ்டீராய்டை மாத்திரையாகக் கொடுக்க நேரிடும். அது மில்லிகிராம் கணக்கு. இன்ஹேலரில் இருப்பதோ மைக்ரோகிராம் கணக்கு.

பக்கவிளைவே இல்லை என்று நாம் சொல்லவில்லை. நாக்கில் வெள்ளை படியலாம், குரல் கம்மலாம். ஸ்பேசர் வைத்து இழுக்கச் செய்து, பிறகு வாய் கொப்பளித்துத் துப்பச் சொன்னால் இவை பெரும்பாலும் வராது. மாஸ்க் வைக்கும் கைக்குழந்தைக்கு முகத்தையும் துடைத்துவிட வேண்டும்.

பெற்றோரின் பெரிய கவலை உயரம். அமெரிக்காவிலும் கனடாவிலும் 5 முதல் 12 வயதுவரையுள்ள ஆயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளிடம் ஓர் ஆய்வு நடந்தது. தினமும் 400 மைக்ரோகிராம் புடசோனைடு சில ஆண்டுகள் எடுத்தவர்கள், வளர்ந்து ஆளான பிறகு, மருந்தில்லாத இன்ஹேலர் எடுத்தவர்களைவிடச் சராசரியாக 1.2 செ.மீ. குறைவாக இருந்தனர். இந்த முடிவு 2012இல் வெளியானது. அந்தக் குறைவு முதல் இரண்டு ஆண்டுகளில் ஏற்பட்டதுதான். வருடா வருடம் கூடிக்கொண்டே போகவில்லை.

அதிக அளவில் நீண்ட நாள் எடுக்கும் பிள்ளைக்கு அட்ரினல் சுரப்பி மந்தமாகலாம். அப்போது மருந்தைத் திடீரென நிறுத்துவதுதான் ஆபத்து. காரணமில்லாத சோர்வு, வாந்தி, மயக்கம் தெரிந்தால் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள். சுமார் மூன்று மாதம் இளைப்பு இல்லாமல் இருந்தால் அளவைக் குறைக்க முடியுமா என்று அவரிடமே கேட்கலாம்.